என் தோடும் முதலாளியின் கொப்பியும்

எங்கள் வீட்டுக்காரரைப் போல லாவகமாகக் கடன்படுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மற்றவர்கள் கேட்டுக் கடன் வாங்குவார்கள். இவர் வாயைத் திறந்து கேட்டதே கிடையாது. உப்பு வாங்கப் பூண்டுலோயாக் கடைவீதிக்குப் போவார். கடை முதலாளி, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு வெற்றிலைத் தட்டை நீட்டுவார். இவ்வளவு மரியாதை செய்த மனிதரிடம் வெறும் உப்பை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வருவது இவருக்குக் கூச்சமாகிவிடும். "சரி, அந்தக் குடையையும் எடுங்க. கொப்பியில எழுதிக்குங்க" என்பார். அந்த நேரத்தில் அவர் குரலைக் கேட்டால் தேயிலைத் தோட்டத்துத் துரையே எழுந்து நிற்பார்.

அது எழுபதுகளின் கடைசி. அதற்கு முன்னால் சில வருஷம் மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்று செத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். அப்புறம் கொழும்பில் அரசாங்கம் மாறியது, சாமான் வந்து குவிந்தது. காலியாகக் கிடந்த கடைத் தட்டுகளில் நைலக்ஸ் சேலை, பிளாஸ்டிக் வாளி, சுடுதண்ணிப் போத்தல், பூப்போட்ட பீங்கான் கோப்பை. எங்கள் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் முதலாளி கடன் எழுத நீளமான கொப்பி, அதாவது நோட்டு, ஒன்று வைத்திருந்தார். தோட்டத்தில் பேர் இருந்தால் போதும், கொப்பியிலும் பேர் ஏறிவிடும்.

எங்கள் பக்கத்தில் முதலில் ஏறியது குடை. பிறகு சுடுதண்ணிப் போத்தல். பிறகு ஒரு சுவர்க் கடிகாரம். வரிசையாக ஒற்றை அறை வீடுகள் இருந்த எங்கள் லயத்தில் மணி பார்த்து எழுந்தவர் யாரும் கிடையாது, பேக்டரிச் சங்குதான் எல்லாருக்கும் மணி. இவர் அந்தப் பேக்டரியிலேயே வேலை செய்கிற ஆள். இருந்தாலும் கடிகாரம் வந்தது. பத்துக்குப் பத்துக் காம்பராவில் அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: பீங்கான் கோப்பை ஆறும் என் வேலை. ஆறு பேர் ஒன்றாக உட்கார இடமில்லாத வீட்டுக்கு ஆறு கோப்பை எதற்கு என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கணக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டியதும் முதலாளியின் வெற்றிலைத் தட்டு மெல்லப் பின்வாங்கியது. "தம்பி, கொப்பி மட்டும் போதாது. கையில ஏதாச்சும் பொருள் குடுத்து வைங்க" என்றார். இவர் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

அந்தத் தோடு அம்மாவுடையது. வட்டத் தோடு, நடுவில் ஒரு சிவப்புக் கல். நான் பிறந்த தோட்டம் நானுஓயாப் பக்கம். அங்கேயிருந்து அம்மாவும் அண்ணனும் பாஸ்போட் கிடைத்து ஒரேயடியாக இந்தியாவுக்குப் போனபோது, ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதே அம்மா அதைக் கழற்றி என் காதில் போட்டுவிட்டாள். "அங்க போய் யாருக்குடி காட்டப் போறேன்" என்றாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அந்தத் தோடுதான் எனக்கு அம்மா. அதை "ஒரே மாசம், புள்ள" என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு போய் முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தார் இந்த மனிதர். அடுத்த நாள் நானே கடைக்குப் போய்க் கேட்டேன். "வர்ற தீபாவளி வரைக்கும் வச்சிருப்பேன் தங்கச்சி. அதுக்குள்ள கணக்க முடிச்சிருங்க. இல்லாட்டி வித்துருவேன். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார்.

காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டு மலைக்குப் போனேன். கொழுந்து எடுக்கிற பெண்களில் பாதிப் பேர் காதில் அப்போது ஈர்க்குச்சிதான். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

இதிலிருந்து தப்ப நான்தான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும். கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்தில் எத்தனை விசேஷத்துக்கு நாங்கள் மொய் எழுதியிருப்போம்! சடங்கு, கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ச்சு. நாங்கள் மட்டும் திரும்ப வாங்கவே இல்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயது. காதுகுத்து வைத்தால் கொடுத்ததெல்லாம் திரும்பி வரும், அதைக் கொண்டுபோய்த் தோட்டை மீட்டுவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அறுநூறு ரூபாய்க்குக் குறையாது, மிச்சத்தைச் சம்பளத்தில் சமாளித்துவிடலாம். இவரிடம் சொன்னதும் கண் மின்னியது. கடனை அடைக்கிற சந்தோஷமில்லை அது, விருந்து வைக்கிற சந்தோஷம்.

விசேஷத்துக்குச் சாமான்? வேறு யார், முதலாளிதான். "நம்ம வீட்டு விசேஷம் தம்பி, என்ன வேணுமோ எடுங்க" என்று அரிசி, பருப்பு, தேங்காய் எண்ணெய், பப்படம், பாயாசச் சவ்வரிசி எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தந்தார். இவர் கணக்கில்லாமல் எடுத்தார். தாய்மாமன் இந்தியாவில் இருந்ததால் முறைக்கு ஒருத்தரைப் பிடித்து வந்து மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். அவருக்கும் வேட்டி சட்டை கொப்பியில்தான்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மொய் எழுத ஆள் வேண்டும். எழுதத் தெரிந்தவர், நாலு பேர் மதிக்கிறவர். எங்கள் வீட்டுக்காரர் நேராகப் போய் முதலாளியையே அழைத்துவிட்டார். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமே, நீங்கதான் வந்து எழுதித் தரணும்." முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். பாய் விரித்து, தாம்பாளம் வைத்து, நடுவில் உட்கார வைத்தோம். அவர் பையிலிருந்து எடுத்துப் பிரித்தது மொய்க் கொப்பி இல்லை. கடைக் கொப்பி.

வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். அன்றைக்குச் சம்பளம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தோட்டத்தில் எவர் கையில் காசு இருக்கும்? முதல் ஆள் தலையைச் சொறிந்தார். முதலாளி பெருந்தன்மையாக, "அதுக்கென்ன, ஒங்க கணக்குல எழுதிக்கிறேன்" என்றார். அடுத்த ஆளுக்கு அந்த வழி பிடித்துவிட்டது. "எங்கணக்குல பத்து ரூவா எழுதுங்க மொதலாளி." "எங்கணக்குல இருவது." கையில் காசில்லாதபோது எல்லாருக்கும் தாராளமனசு வந்துவிட்டது. நான் ஐந்து ரூபாய் மொய் செய்திருந்த மனிதர்கூட இருபது எழுதச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தார். நான் சமையல் பக்கத்திலிருந்து எட்டி எட்டித் தாம்பாளத்தைப் பார்க்கிறேன். வெற்றிலையும் பாக்கும் சந்தனமும் இருக்கிறது. ஒரு சல்லிக் காசு இல்லை.

கடைசியில் முதலாளி கூட்டிப் பார்த்தார். "மொய் அறுநூத்திப் பத்து. ஒங்க கணக்குல வரவு வச்சிட்டேன் தங்கச்சி. இன்னிக்கு விசேஷத்துக்கு எடுத்த சாமான் எழுநூத்தி அறுவது. மிச்சம் நூத்தி அம்பதையும் பழைய கணக்கோட சேத்துட்டேன்" என்று சொல்லி, பாயாசம் இரண்டு தம்ளர் குடித்துவிட்டுப் போனார்.

கடனை அடைக்க விசேஷம் வைத்து அதிலும் நூற்றைம்பது ரூபாய் கடன்பட்ட குடும்பம் எங்களுடையது. அதுமட்டுமா, தோட்டத்தில் பாதிப் பேரை எங்கள் பிள்ளையின் காதுக்காகக் கடனாளி ஆக்கிவிட்டோம். அதற்கப்புறம் ஒரு மாதம் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் என்னைப் பார்த்து, "அடுத்த விசேஷம் எப்ப? சொல்லிட்டு வைங்க, நாங்க ஊருக்குப் போயிருறோம்" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் மேல் பிரம்புக் கூடையை விட்டெறிந்தேன். அவர் லாவகமாக விலகிக்கொண்டார், கூடை கடிகாரத்தில் பட்டுக் கண்ணாடி உடைந்தது. அந்தக் கண்ணாடி இரண்டு நாளில் கொப்பியில் ஏறியது.

வெட்கத்துக்கு அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. அடுத்த காம்பரா அக்கா ஒருநாள் கருவாடு வாங்கி வந்தாள். அதே கடை, அதே கருவாடு, என்னிடம் எழுதியதைவிடக் நாலில் ஒரு பங்கு விலை குறைவு. எப்படி என்று கேட்டேன். "நான் கையில காசு குடுத்துல்ல வாங்குனேன்" என்றாள். காசு எங்கேயிருந்து என்று கேட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை மலையைக் கையால் காட்டினாள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து அதிகமாக வளர்கிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் விருப்பப்பட்டவர்கள் எடுக்கலாம். கொழுந்தை எடை போட்ட உடனே கையில் காசு. கைக்காசு என்றே அதற்குப் பேர். நானோ ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாவுக்குப் போய்க் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கைக்காசு மட்டும் போதாது. மாதச் சம்பளமும் என் கைக்கு வரவேண்டும். அங்கேதான் சிக்கல். மாடாக உழைக்கிறது பெண்டாட்டி, சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னலில் கைநீட்டி இரண்டு பேர் சம்பளத்தையும் வாங்குகிறது புருஷன். அதுதான் தோட்டத்து வழக்கம். பெண்கள் அந்தப் பக்கம் போய் நின்றாலே ஏதோ வீட்டில் இழவு விழுந்தது என்று நினைப்பார்கள். இவர் அங்கேயிருந்து நேராகக் கடைக்குத்தான் போவார். முதலாளி மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, புதிதாக எதையாவது தலையில் கட்டி அனுப்புவார்.

அந்த மாதச் சம்பள நாள் காலையில் இவர் நாக்கை நீட்டச் சொன்னேன். "ஐயையோ, வெள்ளையா இருக்கே! ஒடம்பெல்லாம் சூடு. பேதிக்குக் குடிச்சு எத்தன மாசமாச்சு?" என்றேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கழுவாவிட்டால் மனிதன் பிழைக்க மாட்டான் என்பதில் இவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கண்ணாடியில் தானே பார்த்துப் பயந்துவிட்டார். "ஒரு கரண்டி ஊத்து புள்ள, மத்தியானத்துக்குள்ள சரியாயிரும். சம்பளத்துக்குப் போகணும்" என்றார். விளக்கெண்ணெயைச் சூடான கோப்பித் தண்ணியில் கலந்து கொடுத்தேன். அவர் சொன்னது ஒரு கரண்டி. நான் ஊற்றியது மூன்று.

மத்தியானம் சங்கு ஊதியபோது மனிதர் லயத்துக் கோடியிலிருந்த கக்கூஸைவிட்டு வெளியே வருகிற நிலையில் இல்லை. இரண்டு தரம் வந்தார். பத்தடி நடந்தார். திரும்பி ஓடினார். நான் முகத்தைக் கழுவி, பொட்டு வைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் ஆம்பிளைகள் வரிசையில் நின்றேன்.

கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, புருசன் எங்க?"

"அவருக்கு வயித்தால போவுதுங்க."

"அப்ப நாளைக்கு வரச் சொல்லு."

"நாளைக்கும் போகுங்க" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் எனக்குத் தைரியம் கூடிவிட்டது. "ஐயா, இத்தன வருசமா எஞ்சம்பளத்த அவரு வாங்குறப்ப, பொண்டாட்டி எங்கன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையே. இன்னிக்கு மட்டும் ஏங்க கேக்குறீங்க?"

அவர் பேனாவைக் கடித்தார். பிறகு இரண்டு சம்பளத் துண்டையும் காசையும் தள்ளினார். என் சம்பளத்தை என் கையால் எண்ணியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். போதாதென்று இன்னொரு தரமும் எண்ணினேன்.

அடுத்த மாதம் சம்பள நாள் வந்தது. இவர் காலையிலிருந்து என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ரொட்டியை முகர்ந்து பார்த்துத் தள்ளிவைத்தார். பத்து மணிக்குப் பசி தாங்காமல் வந்து, "நீயே போய் வாங்கிக்க. எனக்குச் சோத்த மட்டும் போடு" என்றார். இப்படித்தான் எங்கள் வீட்டில் நிர்வாகம் கைமாறியது.

சம்பளம் வந்ததும் நூறு ரூபாயைத் தனியே எடுத்துக் கடையில் கட்டுவேன், கொப்பியில் கழிக்கச் சொல்லி நின்று பார்ப்பேன். அந்த மாதத்துக்கு வேண்டியதைக் காசு கொடுத்து வாங்குவேன், ஒரு தேங்காய் குறைந்தாலும் கடன் சொல்வதில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், ராத்திரியும் ரொட்டியும் சம்பலும். தேத்தண்ணியில் சீனி போடாமல் உள்ளங்கையில் ஒரு துளி வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். இவர் நக்குகிற சாக்கில் இரண்டாம் தரம் கையை நீட்டுவார். நான் டின்னை மூடி மடியில் வைத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குப் போனேன், அந்தக் காசும் அப்படியே கடனுக்குத்தான். இரண்டாவது மாதத்தில் இவரும் வருகிறேன் என்றார். பேக்டரியில் கொழுந்தை அரைத்துப் பழகியவருக்குச் செடியிலிருந்து கிள்ளத் தெரியவில்லை. என் பழைய படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவர் நிரையில் நின்றதைப் பார்த்து, அந்த மலையில் இருந்த பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். "புது மருமக வந்திருக்கா, பாத்து வேல சொல்லுங்க" என்றாள் அடுத்த காம்பரா அக்கா. கங்காணி அவர் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இது கொழுந்தா, மாட்டுக்குப் புல்லா?" என்று பாதியைக் கொட்டிவிட்டார். இவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மறு ஞாயிறும் வந்தார். நான் நாலு கூடை எடுத்தால் அவர் ஒன்று எடுத்தார். அந்த ஒரு கூடைக்காக அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பெரும்பாகம் போய்விட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முதலாளிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கடன் அடைகிறதென்றால் கடைக்காரன் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? அவர் கவலைப்பட்டார். ஆடி மாதம் ஒருநாள் லயத்துக்கே வந்து, கக்கத்திலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மயில் கழுத்துக் கலரில் நைலக்ஸ் சேலை. "தங்கச்சிக்குன்னே எடுத்து வச்சேன். காசு எங்க ஓடிப் போகுது? மெதுவாத் தாங்க." இவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். "நீங்க பேசாம இருங்க" என்றேன். சேலையைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டிருக்கக் கூடாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சேலை வேண்டும் போலிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சேலைக்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மொதலாளி, தோடு பத்தரமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "பொட்டியில வச்சுப் பூட்டியிருக்கேன்" என்றார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசிப் பணத்தையும் கட்டப் போனோம். கடையில் எள் போட இடமில்லை, தோட்டத்துச் சனம் மொத்தமும் பண்டிகைச் சாமானுக்கு நிற்கிறது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. எல்லார் முன்னாலும் தோட்டை வாங்கி, கடைக் கண்ணாடியில் பார்த்து, அங்கேயே காதில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். முதலாளியை நாலு கேள்வி கேட்க வேண்டும். கேள்விகளைக் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

முதலாளி காசை இரண்டு தரம் எண்ணினார். எங்கள் பக்கத்தில் குறுக்குக்கோடு போட்டார். "தோடு?" என்றேன்.

"உள்ள இருக்கு. இப்ப வேல தலைக்கு மேல கெடக்கு, பாக்குறீங்கள்ல? தீவாளி கழிச்சு வாங்க தங்கச்சி."

விற்றுவிட்டாரா? பக்கத்திலிருந்த அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன். "அப்ப நான் இங்கயே தீவாளி கொண்டாடிக்கிறேன் மொதலாளி. எண்ண தேய்ச்சுக் குளிக்க மட்டும் தண்ணி காட்டுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய் உள்ளே பார்த்தார்.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு திரை. திரையை விலக்கிக்கொண்டு அவர் சம்சாரம் வந்தாள். எங்களைவிட வசதியான வீட்டுப் பெண், நிறமான பெண், என் வயதுதான் இருக்கும். அவள் காதில் என் அம்மாவின் தோடு.

மூட்டையிலிருந்து எழுந்து நின்றேன். சேர்த்து வைத்திருந்த நாலு கேள்வியும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நாலுக்குப் பதில் நாற்பதாக. அவள் என் பக்கத்தில் வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள். அவசரத்தில் அது கழலவில்லை. "கோவிச்சுக்காதீங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "வெறுங்காதோட கடப்பக்கம் வர முடியல, பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுறாங்க. என்னோடது கொழும்புல மொத்த யாவாரிகிட்ட இருக்கு. இவருக்கு அங்க ஒரு கொப்பி."

முதலாளி யாரும் கேட்காத சீனியை நிறுத்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு தோட்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தன. காதைத் தலைமயிரால் மறைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வர வேண்டும். அம்மாவின் தோட்டை எட்டு மாதம் யாரோ போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஆனால் வந்தது கோபமில்லை. அது கோபமாக இல்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

தோட்டை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினேன். இவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்ன புள்ள, இதுக்குத்தானே இத்தன பாடு? கண்ணாடிகூட இருந்துச்சே. போட்டுக்கிட்டு வரவேண்டியதுதானே?"

"வாய மூடிக்கிட்டு நடங்க" என்றேன். "அந்தம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க."